ஆனி ழிரார்தோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு நடிகைகள் என்றதும் நம் திரைப்பட ஆர்வலர்கள் வாயில் முதலில் வருவது பிரிஜித் பார்தோ, கத்ரீன் தெனவ், ழான் மொரோ. ஆனால் 1970களில் ஒரு சாதாரண பிரெஞ்சுக் குடும்பம் யாருடைய படத்துக்கு முண்டியடித்து டிக்கெட் எடுத்தது என்று கேட்டால், முதலில் வரும் பெயர் ஆனி ழிரார்தோ. ‘பியானோ ஆசிரியை’ படத்தைப் பார்த்துவிட்டு, “அந்த அம்மாவாக வருகிறாரே, அவர் யார்?” என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் தொடங்கி இன்னும் பலவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1931 அக்டோபர் 25 அன்று பாரிஸில் பிறந்தவர். 2011 பிப்ரவரி 28 அன்று அதே பாரிஸில் மறைந்தார். சினிமாவும் தொலைக்காட்சியும் சேர்த்தால் நூறைத் தாண்டும். மேடை நாடகங்கள் தனிக் கணக்கு. பிரெஞ்சுத் திரையுலகின் உயரிய விருதான சீசரை மூன்று முறை வாங்கியவர். இடையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே திரையுலகத்தால் ஓரங்கட்டப்பட்டவரும்கூட.

நடிக்க எப்படி வந்தார்? சினிமாக் குடும்பமா?

இல்லை. அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மகளும் அதே வழியில் போவாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆனி நார்மண்டியில் உள்ள கான் (Caen) நகரில் செவிலியர் படிப்பில் சேர்ந்து சில காலம் படித்தும் இருக்கிறார். அதை விட்டுவிட்டுப் பாரிஸின் நாடகப் பயிற்சிக் கல்லூரியான கன்சர்வத்துவாருக்குள் நுழைந்தார். 1954இல் அங்கிருந்து முதல் பரிசுகளோடு வெளியே வந்ததும், மோலியேரின் வீடு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் கொமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. அரசு ஆதரவில் இயங்கும் குழு அது. நுழைந்து நிலைத்துவிட்டால் நீண்ட காலம் நிம்மதியாக இருக்கலாம்.

1956இல் அங்கே கவிஞரும் நாடகாசிரியருமான ழான் கொக்தோவின் ‘தட்டச்சு இயந்திரம்’ நாடகத்தில் நடித்தார். போருக்குப் பிந்தைய தலைமுறையின் மிகச் சிறந்த நாடகத் திறன் என்று கொக்தோவே அவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்றுவரை அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. ஆனால் அந்த நிம்மதியான வேலையை 1957இல் அவர் விட்டுவிட்டார். சினிமா அழைத்துக்கொண்டிருந்தது.

முதல் படங்கள் எப்படி?

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ழான் கபேன் நடித்த குற்றப் படங்களில் துணைப் பாத்திரங்கள்: 1957இல் ‘லெ ரூழ் எ மீ’, 1958இல் ‘மெக்ரே விரித்த பொறி’. இரண்டாவதில் கொலை விசாரணையில் மாட்டிக்கொள்ளும் மனைவியாக வருகிறார். கபேனுக்கு எதிரே நின்று கண்ணை எடுக்காமல் பேசும் அந்த ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம்.

‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ படத்தை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

அந்தப் படம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. இத்தாலிய இயக்குநர் லுக்கினோ விஸ்கோந்தி ஏற்கெனவே 1958இல் பாரிஸ் மேடையில் ழான் மாரேயோடு அவரை இயக்கியிருந்தார். இரண்டே பாத்திரங்கள் கொண்ட நாடகம் அது. அதில் கண்டதை மனதில் வைத்துக்கொண்டு 1960இல் நாதியா பாத்திரத்துக்கு அவரையே கேட்டார்.

இத்தாலியின் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி மிலான் நகருக்கு வரும் ஒரு விதவைத் தாய், அவளுடைய ஐந்து மகன்கள். அவர்களில் சிமோனே குத்துச்சண்டை வீரன். அவன் தம்பி ரோக்கோவாக அலன் தெலோன். இருவருக்கும் நடுவே நாதியா. பாலியல் தொழில் செய்பவள். ரோக்கோவைச் சந்தித்த பிறகு அதை விட்டுவிட்டு வாழ நினைக்கிறாள். பொறாமையில் வெறிபிடித்த சிமோனே, தம்பியின் கண்ணெதிரே அவளை வன்புணர்கிறான். அதற்குப் பின் ரோக்கோ செய்வதுதான் கொடுமையிலும் கொடுமை: அண்ணன் கெட்டழிந்துவிடக் கூடாது என்பதற்காக, நாதியாவை அவனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். மிலான் பேராலயத்தின் கூரையில், கல் கோபுரங்களுக்கு நடுவே நடக்கும் அந்த உரையாடலில் ழிரார்தோவின் முகத்தைப் பாருங்கள். முதலில் இவன் ஏதோ விளையாடுகிறான் என்பது போன்ற நம்பாமை, பிறகு கெஞ்சல், பிறகு வெறுப்பு. தெலோன் அழகாக அழுகிறார். படத்தைச் சுமப்பவர் இவர்தான்.

கடைசியில் ஏரிக்கரையில் சிமோனே கத்தியோடு வரும்போது நாதியா இரு கைகளையும் சிலுவை போல விரித்து நிற்கிறாள். மிலான் புறநகரில் படமாக்க நினைத்த காட்சி அது. உள்ளூர் நிர்வாகம் அனுமதி மறுத்ததால், ரோமுக்குத் தெற்கே லத்தீனா பக்கம் உள்ள ஃபொல்யானோ ஏரிக்குப் போய் எடுத்தார்கள். படம் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

இத்தாலியப் பதிப்பில் கேட்பது அவர் குரலா?

இல்லை. அன்றைய இத்தாலிய சினிமாவில் வெளிநாட்டு நடிகர்களுக்கு உள்ளூர்க் குரல் கொடுப்பது வழக்கம். நாதியாவுக்கும் அப்படித்தான். இது ஓர் இழப்பு. ழிரார்தோவின் குரல் சற்றுக் கரகரப்பானது, அவசரமாகப் பேசும், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும். அவருடைய உண்மையான பேச்சைக் கேட்க வேண்டுமானால் பிரெஞ்சுப் படங்களுக்குத்தான் போக வேண்டும்.

இத்தாலியில் அதற்குப் பிறகும் நடித்தாரா?

நிறைய. அறுபதுகளில் அவர் பாதி இத்தாலிய நடிகை. 1963இல் மாரியோ மோனிச்செல்லியின் ‘தோழர்கள்’ படத்தில் மார்ச்செல்லோ மாஸ்த்ரோயான்னியோடு நடித்தார். 19ஆம் நூற்றாண்டு தூரின் நகரின் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய படம்.

1964இல் வந்த மார்கோ ஃபெரேரியின் ‘குரங்குப் பெண்’ எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. உடலெல்லாம் ரோமம் அடர்ந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, கல்யாணம் செய்துகொண்டு, அவளைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்க்கும் ஒருவனின் கதை. கணவனாக உகோ தோன்யாத்சி. முகம் முழுக்க ஒட்டுமுடியோடு, கண்களை மட்டும் வைத்துக்கொண்டு ழிரார்தோ நடித்திருக்கிறார். புகழ் ஏறிக்கொண்டிருந்த ஒரு கதாநாயகி இப்படி ஒரு வேடத்தை ஏற்றாரே என்பது இன்றும் ஆச்சரியம்தான். இந்தப் படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. ஒன்று கொடூரம், ஒன்று சுபம். சுபமான முடிவைத் தவிர்த்துவிடுங்கள். படத்தின் கசப்பையே அது கழுவிவிடுகிறது.

கோதார், த்ரூஃபோ போன்ற புதிய அலை இயக்குநர்களோடு ஏன் நடிக்கவில்லை?

1950களின் இறுதியில் பழைய பாணியை எதிர்த்துக் கிளம்பிய இளம் இயக்குநர்கள் அவர்கள். தங்களுக்கென்று முகங்களைத் தேடிக்கொண்டார்கள். ழிரார்தோ கொமெதி ஃபிரான்சேஸிலிருந்து வந்தவர், கபேன் படங்களில் நடித்தவர். புதிய அலைக்காரர்கள் கிண்டலடித்த ‘அப்பா காலத்து சினிமா’வின் பிள்ளையாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டிருப்பார். வெளிநாட்டில் அவர் பெயர் மொரோ அளவுக்குப் பரவாததற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். அறுபதுகளின் பிரெஞ்சு சினிமா என்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துபவர்கள் புதிய அலையைத்தான் நடத்துகிறார்கள். இவரோ ரோஜே வதீம், மார்செல் கார்னே, குளோத் லெலூஷ் என்று அந்தப் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றவர்களோடு வேலை செய்தார்.

அதனால் நஷ்டம் பாடத்திட்டத்துக்குத்தான். கார்னே இயக்கிய ‘மன்ஹாட்டனில் மூன்று அறைகள்’ படத்துக்காக 1965இல் வெனிஸில் சிறந்த நடிகைக்கான வோல்பி கோப்பை பெற்றார். 1967இல் லெலூஷின் ‘வாழ்வதற்காக வாழ்’ படத்தில் ஈவ் மோந்தானின் ஏமாற்றப்படும் மனைவி. அழுது புலம்ப எல்லா வாய்ப்பும் உள்ள பாத்திரம் அது. அவர் அழுகையைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டு, தனியாக வாழக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார்.

‘மூரீர் தெமே’ (காதலால் சாதல்) படம் உண்மைக் கதையா?

ஆம். 1968இல் மார்செய் நகரில் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் ஆசிரியைக்கும் அவருடைய பள்ளி மாணவனுக்கும் காதல். பையனுக்கு வயது வராத நிலையில் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆசிரியை சிறைக்குப் போனார், தண்டிக்கப்பட்டார், 1969 செப்டம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தைய ஆண்டின் மே மாத மாணவர், தொழிலாளர் கிளர்ச்சி நாட்டை இரண்டாகப் பிளந்திருந்த நேரம். அதனால் ஒரு தனிமனித வழக்கு தலைமுறைகளின் சண்டையாக மாறியது. அதே மாதம் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் இது பற்றிக் கேட்டபோது, குடியரசுத் தலைவர் போம்பிதூ நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, போல் எலுவாரின் கவிதை வரிகளைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

1971இல் ஆந்த்ரே கையாத் இதைப் படமாக்கினார். கையாத் வழக்கறிஞராக இருந்து இயக்குநரானவர். நீதிமன்றத்தின் அநீதிகளைப் படமெடுப்பதே அவர் வேலை. ஊரையும் பெயர்களையும் மாற்றினார். ஏறத்தாழ 59 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். பிரெஞ்சுத் தரத்தில் அது மகத்தான வசூல். ஷார்ல் அஸ்னவூர் இதே தலைப்பில் பாடிய பாடலும் அதே சம்பவத்தைப் பற்றியதுதான், ஆனால் அது படத்தில் இல்லை. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்று பார்க்கும்போது படம் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். ஆசிரியை, மாணவன் என்ற உறவில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைப் படம் கேட்பதே இல்லை. ஆசிரியர் ஆண், மாணவி பெண் என்று மாற்றிப் போட்டால் இப்படி எடுத்திருப்பார்களா? அந்தச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. ஆனாலும் சிறையில் சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும் அந்த உடலை ழிரார்தோ நடித்துக்காட்டிய விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எழுபதுகளில் அவ்வளவு புகழ் எதனால்?

அவருடைய பாத்திரங்கள் வேலைக்குப் போயின.

சும்மா சொல்லவில்லை. அதுவரை பிரெஞ்சுப் படங்களின் கதாநாயகி காதலியாக இருப்பாள், மனைவியாக இருப்பாள், வைப்பாட்டியாக இருப்பாள். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ழிரார்தோவின் பட்டியலைப் பாருங்கள். 1970இல் மிஷேல் ஓதியார் எடுத்த நகைச்சுவைப் படத்தில் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்யும் வேலைக்காரி; எல்லா எஜமானர்களின் ரகசியமும் அவள் நாக்கு நுனியில். ‘மூரீர் தெமே’யில் ஆசிரியை. 1976இல் மருத்துவர். 1977இல் போலீஸ் அதிகாரி. 1978இல் கையாத்தின் இன்னொரு படத்தில் விசாரணை நீதிபதி. இவர்கள் வேலைக்கு ஓடுகிறார்கள், தாமதமாக வீடு திரும்புகிறார்கள், பிள்ளைகளோடு சண்டை போடுகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், களைத்துப்போகிறார்கள்.

பிரான்ஸில் 1965 வரை கணவனின் சம்மதமின்றி மனைவி வேலைக்குச் சேரவோ சொந்தமாக வங்கிக் கணக்கு தொடங்கவோ சட்டப்படி தடை இருந்தது. அந்தச் சட்டம் மாறி பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த படங்கள் இவை. வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு தலைமுறைப் பெண்கள் திரையில் தங்களைப் பார்த்தார்கள். மேக்கப் குறைந்த முகம், குட்டையாக வெட்டிய முடி, கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. தெனவை அண்ணாந்து பார்த்தவர்கள் ழிரார்தோவைப் பக்கத்து வீட்டுக்காரியாகப் பார்த்தார்கள்.

நகைச்சுவையும் வருமா அவருக்கு?

பிரமாதமாக வரும். பிலிப் த புரோக்கா இயக்கிய ‘தாந்த்ர் பூலே’தான் (1977) சிறந்த சான்று. காரில் அவசரமாகப் போகும் பெண் போலீஸ் அதிகாரி, மொபெட்டில் வரும் ஒரு சொர்போன் பல்கலைக்கழகக் கிரேக்க மொழிப் பேராசிரியரை இடித்துத் தள்ளுகிறாள். பார்த்தால் பழைய நண்பன். பேராசிரியராக ஃபிலிப் நுவாரே. ஒரு பக்கம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், தான் போலீஸ் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவிக்கிறாள். ஒவ்வொரு முறை காதல் சூடுபிடிக்கும்போதும் எங்கோ ஒரு பிணம் கிடைத்ததாகத் தகவல் வரும். பிரான்ஸில் அந்தப் பதவிக்கே பெண்கள் வரத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கர்கள் இதைத் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார்கள். பிரெஞ்சில் 1980இல் இரண்டாம் பாகம் கிரேக்கத்தில் நடப்பதாக வந்தது; அது சுமார்தான்.

நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனேஸின் ரசிகர்களுக்கு ‘லா ஸீஸானி’ (1978) இருக்கிறது. தொழிற்சாலை முதலாளியும் மேயருமான கணவன், பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் இயந்திரங்களை மனைவியின் தோட்டத்துக்குள், படுக்கையறைக்குள் என்று ஏற்றிக்கொண்டே போகிறான். பொறுத்துப் பார்த்த மனைவி, வரும் தேர்தலில் அவனை எதிர்த்தே நிற்கிறாள். த ஃபுனேஸ் எதிரே நின்றால் பெரும்பாலான நடிகர்கள் காணாமல்போவார்கள். இவர் போகவில்லை.

முதல் சீசர் எந்தப் படத்துக்கு?

‘டாக்டர் ஃபிரான்ஸ்வாஸ் கையாந்த்’ (1976). விருது கிடைத்தது 1977இல், சீசர் விழா தொடங்கிய இரண்டாம் ஆண்டில். மருத்துவமனையில் மற்றவர்களின் உயிருக்காக ஓடிக்கொண்டிருக்கும் டாக்டர், தனக்கே நுரையீரல் புற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். கதையைக் கேட்டால் கண்ணீர் பிழியும் படம் போலத் தோன்றும். இயக்குநர் ழான் லூயி பெர்த்துச்செல்லி அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பித்திருக்கிறார்.

இந்தப் படத்தில் அவருடைய மகளாக நடித்தவர் அப்போது இருபதுகளில் இருந்த இஸபெல் யுப்பேர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எண்பதுகளில் என்ன ஆனது? ஏன் காணாமல்போனார்?

ஒரே காரணம் சொல்ல முடியாது. 1980களின் தொடக்கத்தில் பாரிஸின் கசினோ த பாரி அரங்கில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சியில் சொந்தப் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். கடன் சேர்ந்தது. இன்னொரு பக்கம் பிரெஞ்சு சினிமா இளம் ரசிகர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். அவரோடு நடித்த ஆண்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த மோந்தான் 1986இல் ‘ழான் த ஃபுளோரெத்’தில் வாழ்நாளின் சிறந்த வேடங்களில் ஒன்றைச் செய்தார். நுவாரே 1990இல் சீசர் வாங்கினார். நடிகர் ழான் போல் பெல்மோந்தோவுக்கு 1989இல் கொடுத்தார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லும் வசதியோடு இருந்தார். ழிரார்தோவுக்கு மட்டும் தொலைபேசி ஒலிக்கவில்லை. கடன் ஆண்களுக்கும் இருக்கும்; தோல்விப் படம் எல்லோருக்கும் உண்டு. மார்க்கெட் போனது யாருக்கு என்பதுதான் கேள்வி. நம் சினிமாவைப் பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்போதுதான் தொலைக்காட்சிக்கு வந்தாரா?

ஏறக்குறைய. 1984இல் ‘அலோ பெயாத்ரிஸ்’ தொடர், 1988இல் ‘அறுவடைக் காற்று’ என்ற குறுந்தொடர், பிறகு வரிசையாகத் தொலைக்காட்சிப் படங்கள். அன்றைய பிரான்ஸில் பெரிய திரை நட்சத்திரம் சின்னத்திரைக்கு வருவதை இறக்கமாகவே பார்த்தார்கள். அவர் அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வேலை, வேலைதான்.

இவற்றில் பலவும் மறக்கக்கூடியவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சினிமாக்காரர்கள் மறந்த காலத்தில் மக்கள் மறக்காமல் இருந்ததற்குத் தொலைக்காட்சிதான் காரணம். எழுபதுகளின் வெற்றிப் படங்களும் அங்கேதான் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. 2009இல் ‘மூரீர் தெமே’யையே தொலைக்காட்சிப் படமாக மீண்டும் எடுத்தபோது அந்த ஆசிரியை வேடத்தை முரியேல் ரோபேன் செய்தார்.

மேடையை விட்டுவிட்டாரா?

விடவே இல்லை. 1974இல் தொடங்கிய ‘மதாம் மார்கெரீத்’ என்ற ஒற்றை ஆள் நாடகத்தைப் பல பத்தாண்டுகள் விட்டு விட்டு நடித்தார். எழுதியவர் பிரேசில் நாட்டு ரொபேர்த்தோ அதாய்தே. பார்வையாளர்கள்தான் வகுப்பு மாணவர்கள். டீச்சர் அவர்களை அதட்டுவாள், கொஞ்சுவாள், ஆபாசமாகத் திட்டுவாள், சர்வாதிகாரியாக மாறுவாள். ஊர் ஊராகப் போய் இதை நடித்தார். 2002இல் நாடகத் துறையின் மோலியேர் கௌரவ விருதும் கிடைத்தது.

1996 சீசர் விழாவில் அப்படி என்ன நடந்தது?

1995இல் லெலூஷ் ‘லே மிசெராப்ல்’ எடுத்தார். நாவலாசிரியர் விக்தோர் உகோவின் கதையை இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குக் கொண்டுவந்த படம். அதில் தப்பியோடும் ஒரு யூத வழக்கறிஞரைப் பண்ணையில் ஒளித்துவைக்கும் தம்பதியின் மனைவியாக ழிரார்தோ. முதலில் பரிவு, பிறகு பணத்தாசை, பிறகு அதையும் தாண்டிய ஏதோ ஒன்று. துணை நடிகைக்கான சீசர் அறிவிக்கப்பட்டதும் அரங்கமே எழுந்து நின்றது.

மேடையேறியவர் சிறிது நேரம் பேச முடியாமல் அழுதார். பிறகு சொன்னது இது: பிரெஞ்சு சினிமா என்னைத் தவறவிட்டு ஏங்கியதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பிரெஞ்சு சினிமா இல்லாமல் நான் ஏங்கினேன், பைத்தியம் போல, தவிப்போடு, வலியோடு. உங்கள் அன்பைப் பார்த்தால் நான் இன்னும் முழுசாகச் செத்துவிடவில்லை போலிருக்கிறது.

அரங்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் பலர் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள். பதினைந்து ஆண்டுகளாக அவரைக் கூப்பிடாதவர்கள். பிரான்ஸில் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு நெகிழ்வார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வருகிறது. அவர் அன்று நன்றி சொன்ன மாதிரி குற்றமும் சாட்டினார். கைதட்டலில் அந்தப் பாதி அமுங்கிவிட்டது.

‘பியானோ ஆசிரியை’யில் அம்மாவாக வருபவர் இவர்தானே?

இவரேதான். மிஷேல் ஹானெக்கேவின் 2001ஆம் ஆண்டுப் படம். வியன்னாவில் நடக்கும் கதை, பேசுவது பிரெஞ்சு. மகள் எரிக்காவாக இஸபெல் யுப்பேர். ஆம், 1976இல் டாக்டரின் மகளாக நடித்த அதே யுப்பேர்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதை நெருங்கும் மகள் இரவு தாமதமாக வீட்டுக்குள் நுழைகிறாள். அம்மா கதவருகிலேயே காத்திருக்கிறாள். எங்கே போனாய், இவ்வளவு நேரம் என்ன செய்தாய்? கைப்பையைப் பிடுங்குகிறாள். உள்ளே புதிதாக வாங்கிய ஓர் உடுப்பு. இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு என்று இழுத்ததில் துணி கிழிகிறது. மகள் அம்மாவின் தலைமுடியைப் பிடித்து உலுக்குகிறாள். சில நிமிடங்களில் இருவரும் அழுது சமாதானமாகி, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார்கள். இது முதல் முறை நடப்பதல்ல, தினமும் நடப்பது என்பதை ழிரார்தோவின் சலிப்பான, பழகிப்போன அதட்டல் ஒன்றே சொல்லிவிடுகிறது. அரக்கியாக நடிக்கவில்லை அவர். தான் செய்வதெல்லாம் மகளின் நல்லதுக்கு என்று மனதார நம்பும் ஒரு தாயாக நடிக்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

கான் விழாவில் படத்துக்கு கிராண்ட் பிரீ, யுப்பேருக்கும் பெனுவா மாஜிமெலுக்கும் நடிப்பு விருதுகள். ழிரார்தோவுக்கு 2002இல் மூன்றாவது சீசர்.

அல்சைமர் நோய் இருந்ததை எப்போது வெளியே சொன்னார்கள்?

2006இல். அதற்கு முன்பே நினைவு தவறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் 2005இல் ஹானெக்கேவின் ‘காஷே’யில் தானியல் ஓதெய்யின் தாயாக, படுக்கையில் இருந்தபடி ஒரே ஒரு நீண்ட காட்சியில் வந்தார். சிறுவயதில் அந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பையனைப் பற்றி மகன் கேட்கிறான்; அதை நினைப்பதே இல்லை என்று அம்மா தட்டிக்கழிக்கிறாள். அதே ஆண்டு நகாஷ், தொலெதானோ இயக்குநர் ஜோடியின் முதல் முழுநீளப் படத்திலும் அம்மா வேடம்.

2008இல் அவருடைய அன்றாட வாழ்வைப் பின்தொடர்ந்த ஆவணப்படம் டேஎஃப்1 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தான் நடிகையாக இருந்ததையே மறந்துகொண்டிருந்த ஒருவரை இப்படிக் காட்டலாமா என்று விவாதம் எழுந்தது. குடும்பத்தார் சம்மதத்தோடுதான் எடுத்தார்கள். நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேச அது உதவியதும் உண்மை. எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை.

திருமணம், குழந்தைகள்?

‘ரோக்கோ’வில் அவரைக் கொல்லும் சிமோனேவாக நடித்த ரெனாத்தோ சால்வத்தோரியை 1962இல் மணந்தார். மகள் ஜூலியா அதே ஆண்டு பிறந்தார். தம்பதியர் பின்னர் பிரிந்து வாழ்ந்தார்கள், விவாகரத்துச் செய்துகொள்ளவில்லை. சால்வத்தோரி 1988இல் இறந்தார். ழிரார்தோவின் இறுதிச் சடங்கு பாரிஸில் கலைஞர்களின் தேவாலயம் எனப்படும் சேன் ரோக்கில் நடந்தது. கல்லறை பேர் லஷேஸில்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

தமிழ்ப் பார்வையாளருக்கு நான் சொல்வது ‘தாந்த்ர் பூலே’. லேசான படம், அவருடைய வேகமும் குரலும் முழுதாக இருக்கும். பிடித்திருந்தால் ‘டாக்டர் ஃபிரான்ஸ்வாஸ் கையாந்த்’, உடனே அதைத் தொடர்ந்து ‘பியானோ ஆசிரியை’. அதே இரண்டு நடிகைகள், தாயும் மகளும், கால் நூற்றாண்டு இடைவெளியில். இரண்டாவது படம் சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியது அல்ல.

‘ரோக்கோ’வின் எந்தப் பதிப்பைத் தேட வேண்டும்?

பொலோன்யா நகரின் சினெத்தேக்கா திரைப்படக் காப்பகம் புதுப்பித்து, 2015 கான் விழாவில் திரையிட்ட பதிப்பைத் தேடுங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். 1960இல் படம் வெளியானபோது மிலான் அரசு வழக்கறிஞரின் நெருக்குதலால் சில காட்சிகளை, குறிப்பாக நாதியா மீதான வன்முறையும் கொலையும் வரும் இடங்களை, இருட்டடித்துத்தான் காட்டினார்கள். பழைய பிரதிகளில் அந்தக் குறை அப்படியே இருக்கும். நேரம் குறைவாக இருக்கிறதே என்று சுருக்கிய பதிப்பை எடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டுச் சந்தைக்காக வெட்டப்பட்ட பிரதிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.